வாய்வழி வெடிமருந்து இடும் துப்பாக்கிக்கு எந்தப் பிரைமர், எந்தத் தோட்டா? இரண்டு பனிக்காலங்களின் மதிப்பீடு

சிங்கப்பூரில் வசிக்கும் ஒருவன் மான் வேட்டைக்கான பிரைமரையும் தோட்டாவையும் மதிப்பிட்டு எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். நம் ஊரில் வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. பாசிர் ரிஸ்ஸிலோ பொங்கோலிலோ காட்டுப்பன்றி சாலைக்கு வந்துவிட்டால் தேசியப் பூங்காக் கழகம் பார்த்துக்கொள்கிறது, நாம் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதோடு சரி. ஆனால் என் அக்காவின் குடும்பம் பல ஆண்டுகளாக அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கிறது, அத்தானுக்கு வேட்டைப் பழக்கம் உண்டு, அங்கே ஜனவரி முதல் வாரத்தில் நான்கு நாள்கள் வாய்வழி மருந்து இடும் துப்பாக்கிக்கென்றே, அதாவது குழலின் வாய் வழியாக வெடிமருந்தையும் குண்டையும் திணிக்கும் துப்பாக்கிக்கென்றே, ஒரு மான் பருவம் ஒதுக்கப்படுகிறது. கடந்த இரண்டு ஜனவரிகளில் நான் அந்த நான்கு நாள்களுக்காகவே விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். உறவினர் அழைப்பில் இதுபோலப் போகும் எண்ணமுள்ள நம்மவர்கள் சிலர் கேட்டதால், கடையில் என்ன வாங்கினோம், எது உழைத்தது, எது உழைக்கவில்லை என்பதை எழுதிவைக்கிறேன்.

என் துப்பாக்கி அனுபவம் தேசிய சேவையோடு தொடங்கித் தேசிய சேவையோடு முடிந்தது. தெக்கோங்கில் எஸ்ஏஆர் 21 கையில் கொடுக்கப்பட்டபோது 5.56 மில்லிமீட்டர் தோட்டா ஒரே துண்டாக வந்தது. பித்தளைக் கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே மருந்து, நுனியில் குண்டு என அனைத்தையும் தொழிற்சாலையே முடித்து அனுப்பிவிட்டதால், அவற்றில் எதைப் பற்றியும் நான் ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை. வாய்வழித் துப்பாக்கியில் அந்த மூன்றையும் தனித்தனியாக வாங்கி, ஒவ்வொரு முறையும் குழலுக்குள் நாமே ஒன்று சேர்க்கிறோம். இனி நான் தோட்டா என்று சொல்வது பெரும்பாலும் அந்தக் குண்டை மட்டும்தான். அதாவது தோட்டா செய்யும் தொழிற்சாலையின் வேலையைக் குளிரில் விறைத்த விரல்களோடு மரத்தடியில் நின்று நாம் செய்கிறோம். அதனால்தான், பார்க்க அற்பமாக இருக்கும் பிரைமர் இங்கே பெரிய விஷயமாகிவிடுகிறது. கடையில் எல்லோரும் தோட்டாப் பெட்டிகளின் முன் நின்று வேகத்தையும் எடையையும் படிக்கிறார்கள். பிரைமரைக் கல்லாவுக்குப் போகும் வழியில் கைக்கு எட்டியதை எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். முதல் ஆண்டு நானும் அதையே செய்தேன்.

நாங்கள் பயன்படுத்தியது .50 காலிபர், அதாவது அரை அங்குல விட்டமுள்ள, குழலும், 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று எனத் தோட்டாவைச் சுழற்றும் வரிவெட்டும் கொண்ட இன்லைன் வகைத் துப்பாக்கி. பிரைமர் நேராக மருந்தின் பின்னால் அமர்ந்திருக்கும் இந்த அமைப்பை, 1985இல் டோனி நைட் என்ற துப்பாக்கிக் கொல்லர் எம்கே-85 என்ற தம் துப்பாக்கியின் மூலம் வேட்டைக்காரர்களிடையே பரவலாக்கினார். அதற்கு முந்திய வகை, பக்கவாட்டில் சுத்தியல் உள்ளது. அதில் 11ஆம் எண் கேப்பு பொருத்துவார்கள். கேப்பு என்றதும் எனக்குத் தீபாவளித் துப்பாக்கியின் சிவப்புச் சுருள்தான் நினைவுக்கு வந்தது, தத்துவமும் ஏறக்குறைய அதுதான்: தட்டினால் வெடிக்கும் ஒரு சிட்டிகை இரசாயனம். அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1807இல் இதற்குக் காப்புரிமை பெற்றதற்குக் காரணம், சக்கிமுக்கித் துப்பாக்கியின் கிண்ணத்தில் மின்னும் ஒளியைப் பார்த்தே வாத்துகள் பறந்துவிட்டனவாம். வேட்டைக்காரரின் எரிச்சலில் பிறந்த கண்டுபிடிப்பு என்று சொல்லலாம்.

இன்றைய இன்லைன் துப்பாக்கிகள் பெரும்பாலும் 209 என்ற எண்ணுள்ள பிரைமரைக் கேட்கின்றன. இது உண்மையில் ரவைத் துப்பாக்கித் தோட்டாக்களுக்காகச் செய்யப்பட்டது. 11ஆம் எண் கேப்பைவிட இதன் தீ பன்மடங்கு வலியது, ஈரமான காலையிலும் ஏமாற்றுவது அரிது. ஆனால் 209 என்று எழுதிய எல்லாப் பெட்டிகளும் ஒன்றல்ல என்பதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். சிசிஐ 209 மேக்னம், ஃபெடரல் 209ஏ ஆகியவை சூடானவை; இவற்றுக்கு எதிர்முனையில் வாய்வழித் துப்பாக்கிக்கென்றே வீச்சைக் குறைத்துச் செய்யப்பட்ட ரெமிங்டன் கிளீன்போர், வின்செஸ்டர் டிரிபிள் செவன் போன்றவை இருக்கின்றன; இரண்டுக்கும் நடுவில் வின்செஸ்டரின் சாதாரண 209. எங்களிடம் மேக்னம் ஒரு பெட்டி, சாதாரணம் ஒரு பெட்டி, மென்மையானது ஒரு பெட்டி என மூன்று வகையும் இருந்தன. மருந்து ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் டிரிபிள் செவன் தூள், கன அளவில் 90 கிரெய்ன் (மருந்தையும் குண்டையும் அளக்கும் சிறு அலகு).

கன அளவில் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய கரிமருந்துக்கு மாற்றாக வந்த இந்த மருந்துகளைத் தராசில் நிறுப்பதில்லை. கோடு போட்ட பித்தளைக் குழாயில் அளக்கிறோம். அக்கா தேநீருக்குத் தூளைக் கரண்டியால் அளப்பதும் நகைக்கடையில் தங்கத்தை நிறுப்பதும் எப்படி வேறோ அப்படி. மேலும் டிரிபிள் செவன், அதே கன அளவுள்ள பழைய கரிமருந்தைவிட வலியது என்பதால், கரிமருந்துக்குச் சொன்ன அளவிலிருந்து 15 விழுக்காடு குறைக்குமாறு தயாரிப்பாளரே சொல்கிறார். உங்கள் துப்பாக்கியின் கையேட்டில் உள்ள உச்ச அளவே உங்களுக்குரியது. என் 90 உங்களுக்குரியது அல்ல. நவீனப் புகையில்லா மருந்தை இக்குழல்களில் இடுவது குழலை வெடிக்கச் செய்யும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். கடையில் ஒருவர் கேட்ட கேள்வியைக் கேட்டபின் சொல்லிவிடுவதே நல்லது என்று தோன்றுகிறது.

இனிப் பிரைமருக்கு வருகிறேன். அக்கா வீட்டுக்குப் பின்னால் உள்ள சோளக்காட்டு மேட்டில், மண்சுவரின் முன் இலக்கை நட்டு, முதல் நாள் மேக்னம் பிரைமரோடு சுட ஆரம்பித்தோம். முதல் தோட்டா குழலுக்குள் எளிதாக இறங்கியது. இரண்டாவது தோட்டாவைத் தள்ளும்போது அடிவாரத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் கோல் நின்றுவிட்டது. மேலும் அழுத்தினேன், அசையவில்லை. அந்த இடத்தில் பீங்கான் போல உறைந்த ஒரு கசடு வளையம் உருவாகியிருந்தது. டிரிபிள் செவன் மருந்துக்கும் சூடான பிரைமருக்கும் ஒத்துவராததன் அடையாளம் இது என்று அதில் ஊறியவர்கள் எல்லோருமே சொல்கிறார்கள். வளையம் கண்ணுக்குத் தெரியாது, கோலைப் பிடித்த உள்ளங்கைக்குத்தான் தெரியும். பக்கத்தில் நின்ற அத்தான் கேட்டார்: “தம்பி, கோல்ல போட்ட கோடு குழல் வாய்க்கு வந்துடுச்சா?” வரவில்லை. மருந்தின் மேல் அமராத தோட்டாவோடு விசையை இழுத்திருந்தால், இடையிலுள்ள வெற்றிடத்தில் அழுத்தம் எகிறிக் குழல் வீங்கியிருக்கும், அல்லது அதைவிட மோசமானது நடந்திருக்கும்.

அந்தக் கோட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கடையில் விற்கும் எதையும்விட அது மலிவானது, அதைவிட முக்கியமானது எதுவும் இல்லை. குழல் காலியாக இருக்கும்போது கோலை உள்ளே விட்டு வாயருகே ஒரு கோடு. உரிய மருந்தும் உரிய தோட்டாவும் சரியாக அமர்ந்தபின் இன்னொரு கோடு. தோட்டாவின் வகையோ மருந்தின் அளவோ மாறினால் இரண்டாவது கோடும் மாறும். ஒவ்வொரு முறை இடும்போதும் கோட்டைப் பார்க்காமல் பிரைமரை எடுக்கக்கூடாது. துப்பாக்கி ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கிறதா என்ற சந்தேகத்தையும் இதே கோடு தீர்த்துவைக்கும். மருந்தை இரண்டு முறை இட்டுவிடுவது அனுபவசாலிகளுக்கே நேர்ந்திருக்கும் தவறு.

பிறகு அதே மருந்து, அதே தோட்டா, மென்மையான பிரைமர் என்று மாற்றினோம். இரண்டாவது தோட்டாவும் மூன்றாவதும் ஒரே அழுத்தத்தில் இறங்கின. ஒவ்வொரு சுடலுக்குப் பிறகும் எச்சில் ஈரமளவு நனைத்த ஒரு துணித்துண்டை ஒருமுறையும் உலர்ந்த ஒன்றை ஒருமுறையும் ஓட்டினோம். இலக்கில் தெரிந்த வேறுபாடு இன்னும் வியப்பு. மேக்னத்தோடு 100 கெஜத்தில் மூன்று தோட்டாக்கள் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் சிதறின. மென்மையானதோடு அதே மூன்றும் என் உள்ளங்கையால் மூடும் அளவுக்கு வந்தன. சூடான பிரைமர் மருந்து முழுதாகப் பற்றும் முன்பே தோட்டாவைக் கொஞ்சம் முன்னே நகர்த்திவிடுகிறது, அதனால் ஒவ்வொரு சுடலும் ஒவ்வொரு விதமாக ஆகிவிடுகிறது என்பது அத்தான் தந்த விளக்கம். சாதாரண 209 இரண்டுக்கும் இடையில் நின்றது. வேறு கிடைக்காவிட்டால் அதை வைத்துக்கொண்டு ஒழுங்காகத் துடைத்துக்கொண்டு வேட்டைக்குப் போகலாம்.

இதைப் படித்துவிட்டு மென்மையானதே எப்போதும் மேல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிளாக்ஹார்ன் 209 என்ற மருந்து அப்படியே எதிர்ப்பக்கம் நிற்கிறது. அது கசடு விடுவது மிகக் குறைவு, ஈரத்தை இழுப்பதில்லை, துடைக்காமல் பலமுறை சுடலாம். ஆனால் பற்றவைப்பது கடினம். வாய்வழித் துப்பாக்கிக்கென வீச்சைக் குறைத்த பிரைமர்களை அதோடு பயன்படுத்தக்கூடாது, ரவைத் தோட்டாவுக்கான வலிய 209களையே பயன்படுத்த வேண்டும் என்று அதன் தயாரிப்பாளர்கள் அறிவுறுத்துகிறார்கள். குழலின் பின்முனையை அடைக்கும் திருகான பிரீச் பிளக்கின் தீத்துளையும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். அத்தானின் நண்பர் ஒருவர் அந்த மருந்தோடு மென்மையான பிரைமரைச் சேர்த்தார். விசையை இழுத்தபின் ‘டிக்’ என்ற சத்தம், மனத்துக்குள் ஒன்று, இரண்டு என எண்ணும் நேரம், அதற்குப் பிறகுதான் இடி. மான் அதற்குள் அடுத்த ஊருக்குப் போயிருக்கும். ஆகவே பிரைமரைத் துப்பாக்கிக்கு ஏற்ப வாங்குவதைவிட மருந்துக்கு ஏற்ப வாங்குவதே சரி.

தாமதமாக வெடிப்பது பற்றிப் பேச்சு வந்ததால் என் சொந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். முதல் ஆண்டு, வேட்டையின் முதல் காலை, 40 கெஜத்தில் நின்ற ஒரு பெண் மான். விசையை இழுத்தேன், பிரைமர் மட்டும் வெடித்தது. முந்தைய இரவு துப்பாக்கியைத் துடைத்து, பெருமையாக எண்ணெயும் பூசி வைத்திருந்தேன். அந்த எண்ணெய் தீத்துளையில் தங்கிவிட்டது. பிரைமரையோ மருந்தையோ குறை சொல்ல வழியே இல்லை. அப்படி நேர்ந்தால் குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடி குறைந்தது ஒரு நிமிடமாவது அசையாமல் இருக்க வேண்டும், எந்தக் கணத்திலும் வெடிக்கலாம். இரண்டாம் ஆண்டிலிருந்து, காலையில் மருந்து இடும் முன் ஒரு பிரைமரை மட்டும் குழலில் வெறுமனே வெடிக்கவைத்து, வாயருகே பிடித்த காய்ந்த இலை அந்தக் காற்றில் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டேன். ஒரு பிரைமர் செலவு. எண்ணெயும் எரிந்துபோகும், துளை திறந்திருப்பதும் தெரிந்துபோகும்.

பெட்டி வாங்கும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்று, அளவு. 209 என்ற எண் ஒன்றாக இருந்தாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் விளிம்பின் தடிமனில் மயிரிழை வேறுபாடு இருக்கிறது. தளர்வாக அமரும் பிரைமர் பின்பக்கம் புகையைக் கக்கும், தொலைநோக்கியின் கண்ணாடியில் கரி படியும்; இறுக்கமாக அமர்வது துப்பாக்கியை மூடவிடாது. ஆகவே எந்த வகையாக இருந்தாலும் ஒரே ஒரு பெட்டி வாங்கிப் பொருத்திப் பார்த்துவிட்டு மேலும் வாங்குவது நல்லது. கழற்றும் வேலையும் குளிரில் ஒரு வேலைதான். கையுறை போட்ட விரலுக்கு அந்தச் சின்னக் கோப்பை அகப்படவே அகப்படாது, சில வெள்ளிக்குக் கிடைக்கும் நெகிழிக் கொக்கி ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

இனித் தோட்டா. இதில் நாங்கள் பார்த்தது நான்கு வகை.

பழமையானது, துணியில் பொதிந்த ஈயக் கோலி. .50 குழலுக்கு .490 அங்குலக் கோலியும், கொழுப்புத் தேய்த்த பருத்தித் துணித்துண்டும். எடை 180 கிரெய்னுக்குச் சற்றுக் குறைவு, அதாவது ஏறக்குறைய 11.5 கிராம். என் தாத்தா புதுக்கோட்டைப் பக்கத்தில் கடலைக்காட்டுக்குக் காவலிருந்த காலத்தில் நாட்டுத் துப்பாக்கியில் மருந்துக்கும் ரவைக்கும் இடையில் தேங்காய் நாரைத் திணிப்பார் என்று அப்பா சொல்லியிருக்கிறார். துணித்துண்டு செய்யும் வேலையும் ஓரளவு அதுதான், தீயின் காற்றைத் தப்பவிடாமல் அடைப்பது. இதை அத்தானின் பழைய சுத்தியல் துப்பாக்கியில், 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று கொண்ட குழலில்தான் சுட்டோம். 28க்கு ஒன்று போன்ற வேகமான வரிவெட்டில், வேட்டைக்கு வேண்டிய அளவு மருந்தோடு, கோலி சரியாகப் பிடிபடுவதில்லை. கோலி காற்றில் வேகத்தைச் சீக்கிரம் இழந்துவிடும் என்பதால் 50, 60 கெஜத்துக்கு மேல் அதை நம்பி மானைச் சுடுவதை நான் ஏற்கமாட்டேன். அந்தத் தூரத்துக்குள் அது இன்றும் குறையில்லாத பொருள், சுடுவதில் உள்ள இன்பமும் மற்ற மூன்றிலும் கிடைக்காதது.

இரண்டாவது, குழல் அளவே பருத்த ஈயக் குண்டு. தாம்சன் சென்டரின் மேக்ஸி-பால், ஹார்னடியின் கிரேட் ப்ளெயின்ஸ் போன்றவை. 370, 385 கிரெய்ன் என்று கனமாக இருக்கும், எல்க் போன்ற பெரிய விலங்குக்கு ஏற்றது. தோள்பட்டைக்கு இதமானதல்ல. இதிலுள்ள உண்மையான அபாயம் வேறு: துப்பாக்கியின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து நெடுநேரம் நடந்தால், கனமான குண்டு மருந்தைவிட்டு மெல்ல நழுவி முன்னே வரக்கூடும். ஒரு மதியம் எனக்கு அரை விரற்கடை நழுவியிருந்தது; கோலில் உள்ள கோடு காட்டிக்கொடுத்தது. இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் மணிக்கொருமுறை கோலை விட்டுப் பார்க்கும் பொறுமையுள்ளவர்களாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, அடியில் நெகிழிக் குல்லாய் பொருத்திய பவர்பெல்ட். அடுத்து வரும் சபோ வகை போல முழு உறை இல்லை, தாமிரம் பூசிய ஈயக் குண்டு நேராகக் குழலில் இறங்குகிறது. நான்கில் மிக எளிதாக உள்ளே போவது இதுதான்; பனியில் இரண்டாவது முறை இடவேண்டி வந்தால் அதன் அருமை தெரியும். 295 கிரெய்ன் வகையை நாங்கள் இட்டோம். மென்மையான ஈயம் என்பதால் மருந்தை உச்சத்துக்கு ஏற்றாமல் நடுத்தரமாக வைத்துக்கொள்வது இதற்குப் பொருந்தும், புதிதாகத் தொடங்குபவருக்குப் பயிற்சிக்கு இதை வாங்கித் தர நான் தயங்கமாட்டேன்.

நான்காவதுதான் இன்று கடைகளில் பாதி அலமாரியை அடைத்துக்கொண்டிருக்கும் சபோ வகை. .45 காலிபர் கைத்துப்பாக்கிக் குண்டின் அளவுள்ள ஒல்லியான தோட்டாவை நெகிழி உறையில் செருகி .50 குழலில் இடுகிறோம். குழலைவிட்டு வெளிவந்ததும் உறை விரிந்து காற்றில் பின்தங்கிவிட, தோட்டா தனியாகப் போகிறது. ஹார்னடி எஸ்எஸ்டி 250 கிரெய்னும், முழுத் தாமிரத்தால் ஆன பார்ன்ஸ் 250 கிரெய்னும் எங்களிடம் இருந்தன. சுட்டபின் பனியில் நடந்துபோய் விழுந்து கிடக்கும் உறைகளைப் பொறுக்குவதை நான் ஒரு வழக்கமாகவே வைத்துக்கொண்டேன். உரித்த வாழைப்பூ மடல் போல நான்கு இதழ்களும் ஒரே கோணத்தில் விரிந்திருந்தால் மருந்தும் பிரைமரும் உறையும் ஒத்துப்போகின்றன என்று பொருள்; ஓர் இதழ் கிழிந்தோ, அடிப்பகுதி உருகியோ இருந்தால் இலக்கில் அந்தத் தோட்டா போன இடத்தைப் பார்க்கவே வேண்டாம், ஓரத்தில்தான் இருக்கும். மேக்னம் பிரைமரோடு சுட்ட உறைகளில் மூன்றில் ஒன்று அடி கருகி இருந்தது.

சபோவில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. முதல் ஆண்டு வாங்கிய ஒரு பொட்டலத்தின் உறைகள், நிறுவனத்தின் பெயர் வேண்டாம், கடையின் வெதுவெதுப்பில் மெத்தென்று இருந்தன. உறைபனிக்குப் பல பாகை கீழே போன காலையில் பீங்கான் போல விறைத்துவிட்டன. ஒருமுறை சுட்டபின் இரண்டாவதை இடக் கோலின் மேல் என் முழு எடையையும் போட வேண்டியிருந்தது, கோல் வளைந்து கை வழுக்கிக் கட்டை விரலில் தோல் கிழிந்தது. அதற்குப் பிறகு ஹார்வெஸ்டர் நிறுவனத்தின் கிரஷ் ரிப் என்ற வரிவரியான உறைகளுக்கு மாறினோம். வரிகள் நசுங்கி இடம் கொடுப்பதால் இறுக்கம் குறைகிறது, துல்லியம் குறையவில்லை. உறைகளைத் தனியாக வாங்கமுடியும் என்பதே முதல் ஆண்டில் எனக்குத் தெரியாது. இரண்டாவது தோட்டாவை மேற்சட்டையின் உள்பையில் உடல் சூட்டில் வைத்துக்கொள்வதும் உதவுகிறது.

ஈயமா, தாமிரமா என்ற கேள்விக்கு என் பதில் சமையலறையிலிருந்து வருகிறது. ஈயத் தோட்டா எலும்பில் பட்டால் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகச் சிதறிக் காயத்தைச் சுற்றி விரற்கடைக் கணக்கில் பரவுகிறது, அந்த இறைச்சியைத் தாராளமாக வெட்டி எறிந்துவிட வேண்டும். வேட்டைக்காரர் விட்டுச்செல்லும் குடலைத் தின்று கழுகுகள் ஈய நஞ்சால் சாவதும் நிறுவப்பட்ட ஒன்று. கலிபோர்னியா மாநிலம் 2019 ஜூலை 1 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயத் தோட்டாவைத் தடை செய்ததற்குப் பெரிய காரணம் அங்குள்ள காண்டோர் கழுகுகள். பார்ன்ஸ் தோட்டா சிதறுவதில்லை, நுனி ஆறு இதழ்களாகப் பிரிந்து எடை குறையாமல் ஊடுருவிப் போகிறது. விலை அதிகம், பொட்டலத்தில் 15 அல்லது 24தான் இருக்கும். பயிற்சிக்கு அதைச் சுட்டுத் தள்ள மனம் வராது. ஆனால் ஒரு பருவத்துக்கு வேட்டையில் சுடப்போவது ஒன்றோ இரண்டோதான். அக்கா வீட்டில் எட்டு வயதும் ஐந்து வயதுமாக இரண்டு பிள்ளைகள் அதே இறைச்சியைச் சாப்பிடுகிறார்கள் என்பதால் நான் கணக்குப் பார்க்கவில்லை.

இரண்டாம் ஆண்டு, மூன்றாம் நாள் காலை. விதிப்படி சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிலிருந்து சுடலாம் என்றாலும், அந்த வெளிச்சத்தில் எனக்கு மரமும் மானும் ஒன்றாகத்தான் தெரிந்தன, காத்திருந்தேன். நான் வைத்திருந்தது முதல்முறை வேட்டையாடுபவருக்கான பயிற்சி உரிமம், ஆகவே உரிமமுள்ள அத்தான் அருகிலேயே உட்கார்ந்திருந்தார். இருவரும் ஆரஞ்சு நிற மேலங்கி. ஏழே முக்காலுக்கு ஓடைக்கரையில் ஓர் இளம் ஆண் மான் வந்தது, 70 கெஜம் இருக்கும், பக்கவாட்டில் நின்றது. மென்மையான பிரைமர், 90 கிரெய்ன் டிரிபிள் செவன், கிரஷ் ரிப் உறையில் 250 கிரெய்ன் தாமிரத் தோட்டா. இழுத்த கணமே வெடித்தது, இடைவெளி இல்லை. பிறகு வெள்ளைப் புகை. எஸ்ஏஆர் 21 சுட்ட எவருக்கும் இந்தப் புகை புதிது; சுட்டவனுக்கே என்ன நடந்தது என்று தெரியாது. அத்தான் குனிந்து புகைக்கு அடியில் பார்த்து, “பட்டிருக்கு, எழுந்திருக்காதீங்க, முதல்ல மருந்து போடுங்க,” என்றார். போட்டேன், கோடு பார்த்தேன், தோட்டா தடையின்றி இறங்கியது. தேவைப்படவில்லை. மான் நாற்பது அடி தூரத்துக்கு அப்பால் முட்புதரில் விழுந்து கிடந்தது. இரு விலாக்களிலும் துளை, தோள் இறைச்சி சேதமில்லை. மாநிலத் துறைக்குப் பதிவு செய்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தேக்காவில் அரைத்து நான் எடுத்துப் போயிருந்த கறி மசாலாவில் அக்கா பிரட்டல் செய்தார். மான் கறியில் கொழுப்பில்லை என்பதால் நல்லெண்ணெய் கூடுதலாகப் பிடிக்கும், அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வேறு மாநிலத்துக்குப் போகிறவர்கள் கடைக்குப் போகும் முன் அந்த மாநிலத்தின் விதியைப் படிக்க வேண்டும். கொலராடோவில் வாய்வழித் துப்பாக்கிப் பருவத்தில் சபோவும், மாத்திரை வடிவ மருந்தும், தொலைநோக்கியும் கூடாது. ஐடஹோவில் அந்தப் பருவத்துக்கு 209 பிரைமரே கூடாது, 11ஆம் எண் கேப்போ மஸ்கட் கேப்போ சக்கிமுக்கியோதான். நான் இங்கே புகழ்ந்த கூட்டணி ஐடஹோவில் முழுக்கச் சட்டவிரோதம். அங்கே போவதாக இருந்தால் மேலே சொன்ன இரண்டாம் வகையை, அந்தக் கனத்த ஈயக் குண்டை, பழகிக்கொள்வது ஒரு வழி.

துப்புரவு பற்றிச் சுருக்கமாக: டிரிபிள் செவனுக்கு வெந்நீரும் பாத்திரச் சோப்பும் போதும், பிளாக்ஹார்னுக்குத் தண்ணீர் பயனில்லை, கரைப்பான் வேண்டும். எதுவானாலும் அன்றிரவே செய்துவிட வேண்டும், பிரீச் பிளக்கின் மரைகளில் அதற்கான பசையைப் பூசாமல் விட்டால் அடுத்த ஆண்டு கழற்ற இயலாது.

வாங்குவதையெல்லாம் அங்கேயே வாங்கி அங்கேயே விட்டுவர வேண்டும். கரிமருந்தும் கேப்பும் பிரைமரும் பயணப் பெட்டியில் போட்டு அனுப்பக்கூட விமானத்தில் அனுமதி இல்லை. சிங்கப்பூரிலோ உரிமமின்றி ஒரு தோட்டாவை வைத்திருப்பதே குற்றம், நினைவுப் பொருள் என்ற சமாதானம் சாங்கியில் எடுபடாது. இரண்டாம் ஆண்டு கிளம்பும் முந்தைய இரவு என் மேற்சட்டையை உதறியபோது உள்பையின் தையலிலிருந்து வெடித்து முடிந்த பிரைமர்க் கோப்பை ஒன்று தரையில் உருண்டது, புளியங்கொட்டையைவிடச் சிறியது. அதற்குப் பிறகு காற்சட்டைப் பைகள், தோள்பை, காலுறை, கையுறை விரல்கள் வரை எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்தேன். அக்கா அந்தச் சட்டையை ஒருமுறை துவைத்தும் கொடுத்தார். மீதமுள்ள மென்மையான பிரைமர் பெட்டியும், பார்ன்ஸ் தோட்டாக்கள் பதினொன்றும், உறைப் பொட்டலமும் அத்தானின் அலமாரியில், மருந்து டப்பாவிலிருந்து விலகிய வேறு தட்டில், அதனதன் சொந்தப் பெட்டியிலேயே இருக்கின்றன. மேக்னம் பெட்டியைப் பிளாக்ஹார்ன் நண்பருக்குக் கொடுத்துவிட்டோம்.